நெப்ராஸ்காவின் இரவல் நாள்காட்டி

2022 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டைப் பணிநீக்கம் செய்தது. இன்னும் இருபது நாள் பொறுத்திருந்தால், அக்டோபர் 1 அன்று, அவருக்குத் தரவேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சம் டாலராக இறங்கியிருக்கும். அந்தச் சலுகையைப் பத்து மாதம் முன்பு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதும் அதே நிர்வாகம்தான். இடைப்பட்ட நாட்களில் இருந்ததோ ஒரே ஓர் ஆட்டம், ஓக்லஹோமாவுடன். ஆனால் முந்தைய இரவு சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்ன் அணியிடம் 45–42 என்று தோற்றிருந்தார்கள். அதுவரை அந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களிலும் நெப்ராஸ்கா வென்றிருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு வாரம்கூடக் காத்திருக்க யாருக்கும் மனமில்லை. அவசரத்தின் விலை 75 லட்சம் டாலர்.

ஃப்ராஸ்ட் தோற்றார் என்பதில் விவாதமே இல்லை: 47 ஆட்டங்களில் 16 வெற்றி, 31 தோல்வி. இந்த ஆய்வு பார்ப்பது இன்னொன்றை. 2017 டிசம்பரில் அவர் வந்து இறங்கியபோது ரசிகர்கள் என்ன எதிர்பார்த்தார்கள், அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது, அது எதைக் கண்ணில் படாமல் மறைத்தது? அவருக்குப் பின் வந்த மேட் ரூலின் மூன்று பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே தவறு இருமுறை நடந்திருப்பது தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் வேறோர் ஊரின் நாள்காட்டியை இரவல் வாங்கி, அதில் நெப்ராஸ்காவின் தேதியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து புதிதானவர்களுக்கு மூன்று செய்திகள் போதும். வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். ஆறு வென்றால் பருவ முடிவில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டத்துக்குத் தகுதி. பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடக்கும் டச்டவுனுக்கு 6 புள்ளியும் அதன்பின் கூடுதல் முயற்சியில் அதிகபட்சம் 2 புள்ளியும் கிடைக்கும் என்பதால், 8 புள்ளிக்குள் முடியும் ஆட்டத்தை ‘ஒரு ஸ்கோர் ஆட்டம்’ என்பார்கள். இந்தக் கடைசிச் சொல் கட்டுரை முழுக்க வரும்.

ஒன்பது வெற்றி என்ற தரைமட்டம்

நெப்ராஸ்கா மக்கள்தொகை 20 லட்சத்தைச் சுற்றியே இருக்கும் மாநிலம். தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது. லிங்கன் நகரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் 3 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எல்லா இருக்கைகளும் விற்றிருக்கின்றன. ஆட்ட நாளில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரமே அந்த மைதானம்தான் என்று ஊரில் சொல்வார்கள், கணக்கும் அப்படித்தான் வருகிறது. அணியின் முதல் புள்ளி விழுந்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்களைப் பறக்கவிடுவது அங்கே நெடுநாள் வழக்கம். 2022-ல் ஹீலியம் தட்டுப்பாட்டால் அது நின்றது.

பாப் டெவேனி 1970, 1971 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். அவருக்குப் பின் வந்த டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 பருவங்கள் நடத்தி 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன் என்று முடித்தார். 1994, 1995, 1997 பட்டங்கள் அவருடையவை. ஆனால் ரசிகர் மனத்தை வார்த்தது அந்தப் பட்டங்களைவிட வேறொரு சாதனை: 25 பருவங்களில் ஒன்றில்கூட அவர் ஒன்பதுக்குக் குறைவான வெற்றியோடு முடிக்கவில்லை. ஒன்பது என்பது அங்கே இலக்கு கிடையாது, தரைமட்டம்.

2003-ல் ஃபிராங்க் சோலிச் வழக்கமான பருவத்தை 9–3 (ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி) என முடித்தும் நீக்கப்பட்டார். 2014-ல் போ பெலினியும் அதே 9–3 கணக்கோடு வெளியேற்றப்பட்டார். அவர் ஏழு பருவங்களில் ஒன்றிலும் ஒன்பதுக்குக் கீழே போனதில்லை. நடுவில் பில் கேலஹன் 2004-ல் 5–6 என முடித்தது 1961-க்குப் பிறகு வந்த முதல் தோல்விப் பருவம். பெலினிக்குப் பின் வந்த மைக் ரைலி மூன்று பருவங்களில் 19–19, கடைசிப் பருவம் 4–8. ஒவ்வொரு நீக்கத்திலும் அணியின் பலம் ஒரு படி இறங்கியது. எதிர்பார்ப்பு மட்டும் ஒன்பதிலேயே நின்றது.

பலம் ஏன் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய பயிற்சியாளரைக் குறித்த கணக்கெல்லாம் இங்கேதான் தவறியது. பழைய நெப்ராஸ்காவுக்கு மற்றவர்களிடம் இல்லாத சில வசதிகள் இருந்தன. 1969-லேயே பாய்டு எப்லியை வைத்து எடைப் பயிற்சியை முறையாகத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அதைப் பின்னர்தான் கற்றார்கள். உதவித்தொகை இல்லாமலே சேரும் உள்ளூர் ‘வாக்-ஆன்’ பையன்கள் அணியின் அடியாழத்தை நிரப்பினார்கள். எடைப் பயிற்சி எல்லா ஊருக்கும் போனது. 2011-ல் பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பை விட்டு பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியபோது, டெக்சாஸில் போய் ஆடி அங்குள்ள பையன்களுக்கு முகம் காட்டும் வாய்ப்பும் போயிற்று. இவை எந்தப் பயிற்சியாளரும் இரண்டு ஆண்டில் திருப்பிக் கொண்டுவரக்கூடியவை அல்ல.

ஆர்லாண்டோவிலிருந்து வந்த நாள்காட்டி

ஃப்ராஸ்ட் நெப்ராஸ்கா மண்ணின் பிள்ளை. 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். ஆர்லாண்டோவின் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அவர் செய்தது எல்லோருக்கும் மனப்பாடம்: 2015-ல் 0–12 ஆக இருந்த அணியை எடுத்து 2016-ல் 6–7, 2017-ல் 13–0. இரண்டே ஆண்டு. நெப்ராஸ்கா ஏழாண்டு ஒப்பந்தம், 3.5 கோடி டாலர் கொடுத்தது. 2018 ஏப்ரலில் வெறும் பயிற்சி ஆட்டம் பார்க்க 86,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

அந்த 0–12 என்ற எண்ணை ரசிகர்கள் வெறும் எண்ணாகவே வாசித்தார்கள். சென்ட்ரல் ஃப்ளோரிடா 2013-ல் 12–1, ஃபியஸ்டா பவுல் வெற்றி, 2014-ல் 9–4. ஒரே ஆண்டில் சரிந்த வீடு அது, அஸ்திவாரம் அப்படியே இருந்தது. சுற்றிலும் ஃப்ளோரிடா: மின்னல் வேக ஓட்டக்காரர்கள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில். எதிரணிகளின், நேருக்கு நேர் முட்டி மோதும் முன்வரிசைகள் பிக் டென் முன்வரிசைகளைவிட இலகுவானவை. அங்கே வேகம் மட்டுமே ஆட்டத்தை முடித்துவிடும்.

லிங்கனில் அவருக்குக் கிடைத்தது பதினைந்து ஆண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த வீடு. நவம்பர் குளிரில் விஸ்கான்சினும் அயோவாவும் நான்காம், ஐந்தாம் ஆண்டு முன்வரிசை வீரர்களோடு வந்து நிற்கும். 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள தாக்குதல் முன்வரிசை வீரன் ஒருவன் உருவாக, பள்ளியிலிருந்து வந்த பிறகு மூன்று ஆண்டாவது பிடிக்கும்: முதல் ஆண்டு எடை, இரண்டாம் ஆண்டு கால்வேலை, மூன்றாம் ஆண்டுதான் பக்கத்தில் நிற்பவனோடு ஒத்திசைவு. இந்த இடத்தில் அவசரப்பட வழியே இல்லை.

அன்றைய விதிகளும் அவசரத்துக்கு இடம் தரவில்லை. ஓர் அணியில் உதவித்தொகை வீரர்கள் 85 பேர். ஓராண்டில் புதிதாகச் சேர்க்கக்கூடியவர்கள் 25 பேர். வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இளங்கலை மாணவர் பொதுவாக ஓராண்டு உட்கார வேண்டும். ஒருவர்கூட விலகாமல் இருந்தாலும், பாதிக்கு மேல் தன் ஆட்களாக்க ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு சேர்க்கைகள் வேண்டும். அவர்கள் முதிர இன்னும் இரண்டு ஆண்டு. அதாவது 2017 டிசம்பரில் வந்தவரை 2021-ல்தான் நியாயமாக எடை போட முடியும். ரசிகர்கள் 2019-லேயே எடை போடத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு அணியே காரணமும் கொடுத்தது. 2018-ன் முதல் ஆட்டம் இடிமின்னலால் ரத்தானது. பிறகு வரிசையாக ஆறு தோல்வி. அந்த அணியின் வரலாற்றில் அதைவிட மோசமான தொடக்கம் இல்லை. ஆறாவது தோல்வி நார்த்வெஸ்டர்னிடம்: இரண்டு நிமிடம் மீதி, நேர இடைவேளை எதுவும் கையில் இல்லாமல் எதிரணி 99 யார்டு நகர்ந்து சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் 34–31. அதன்பிறகு கடைசி ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி. முடிவு 4–8 என்றாலும், அந்த 4–2 வாலைப் பிடித்துக்கொண்டு நிருபர்கள் 2019-ல் நெப்ராஸ்காதான் பிக் டென் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடிக்கும் என்று வாக்களித்தார்கள். பருவம் தொடங்குமுன் தேசியத் தரவரிசையில் 24-வது இடமும் கிடைத்தது. சென்ட்ரல் ஃப்ளோரிடா நாள்காட்டியில் இரண்டாம் ஆண்டு 13–0 அல்லவா!

நடந்தது 5–7. கொலராடோவில் இடைவேளையில் 17–0 முன்னிலை, முடிவில் 34–31 தோல்வி. கடைசி ஆட்டத்தில் அயோவாவை வென்றிருந்தால் பவுல் தகுதி. ஒரு நொடி மீதியிருக்கையில் விழுந்த ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அயோவா 27–24 என வென்றது. இதற்கு இரண்டு வாரம் முன்பு, நான்கு வெற்றி ஐந்து தோல்வி என்ற நிலையில், நிர்வாகம் அவர் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. எங்கள் பார்வையில் நிர்வாகத்தின் பெரிய பிழை இதுதான். எந்த அளவுகோலில் முன்னேற்றம் கண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ரசிகருக்கும் ஓர் அளவுகோல் கிடைக்காமல் போனது. கையில் மிஞ்சியது அந்த இரவல் நாள்காட்டிதான்.

ஒன்பது தோல்வி, 56 புள்ளி

நான்காம் ஆண்டு, 2021. நேர்மையாக எடை போட வேண்டிய ஆண்டு. 3–9 என முடிந்தது. ஆனால் இப்படியொரு 3–9 அரிது.

தோல்விகளை வரிசையாக வைப்போம். இலினாய் 30–22, ஓக்லஹோமா 23–16, மிச்சிகன் ஸ்டேட் 23–20, மிச்சிகன் 32–29, மினசோட்டா 30–23, பர்டூ 28–23, ஒஹாயோ ஸ்டேட் 26–17, விஸ்கான்சின் 35–28, அயோவா 28–21. ஒன்பது தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் 56 புள்ளி. மூன்று வெற்றிகளின் வித்தியாசம் மட்டும் 119. பருவம் முழுக்க எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்த அணி, மூன்றே ஆட்டம் வென்றது. வெண்ணெய் திரளும்போதெல்லாம் தாழி உடைந்தது.

ஐந்து பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவு. ஃப்ராஸ்டின் 47 ஆட்டங்களில் 27 ஒரு ஸ்கோருக்குள் முடிந்தன. அவற்றில் 5 வெற்றி, 22 தோல்வி. மீதி 20 ஆட்டங்களில் 11 வெற்றி, 9 தோல்வி. நெருக்கமில்லாத ஆட்டங்களில் அவர் ஒரு சராசரிக்கு மேலான பயிற்சியாளர். நெருக்கமான ஆட்டங்கள்தான் அவரைக் கவிழ்த்தன.

இதை ரசிகர்கள் இரண்டு விதமாக வாசித்தார்கள். ஒரு சாரார் ‘துரதிர்ஷ்டம், அடுத்த ஆண்டு சரியாகும்’ என்றார்கள். மறுசாரார் ‘மனவலிமை இல்லாத அணி’ என்றார்கள். இரண்டும் தவறு. நெருக்கமான ஆட்டங்கள் நீண்ட காலத்தில் பாதிக்குப் பாதி பிரியும் என்பது பொது அனுபவம். 27-ல் ஐந்து என்பதை அதிர்ஷ்டத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. மனவலிமை என்பதையும் அளக்க வழியில்லை. அளக்கக்கூடியது ஒன்று இருந்தது: உதை ஆட்டம். பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு உதைப்பது), ஃபீல்டு கோல், கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), அவற்றுக்கான காவல். ஸ்பெஷல் டீம்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 2021 செப்டம்பர் 25, எதிரணி மைதானம். நெப்ராஸ்கா 20–13 முன்னிலை. இரண்டாம் பாதியில் மிச்சிகன் ஸ்டேட்டால் ஒரு முதல் டவுன்கூட, அதாவது பந்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையான பத்து யார்டு முன்னேற்றம்கூட, எடுக்க முடியவில்லை. அவ்வளவு இறுக்கமான தடுப்பு. நான்கு நிமிடத்துக்கும் குறைவாக மீதி. நெப்ராஸ்கா பன்ட் அடிக்கிறது. இந்த உதையில் காவல் வீரர்கள் பந்து விழப்போகும் பக்கத்தை முன்பே அறிந்து அந்தப் பக்கமாக விரிந்து ஓடுவார்கள். எதிரணியில் பந்தைப் பிடிப்பவனை எல்லைக்கோட்டுக்கும் தங்களுக்கும் நடுவில் அடைத்துவிடுவதுதான் நோக்கம். பத்துப் பேரும் ஒரு பக்கம் ஓடினார்கள், பந்து மறுபக்கம் போனது. அங்கே ஜேடன் ரீட் தனியாக நின்றிருந்தார். பிடித்தார், 62 யார்டு ஓடினார், சமன். கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்காவின் பாஸ் இடைமறிக்கப்பட்டது. ஒரு ஃபீல்டு கோலில் ஆட்டம் முடிந்தது. அறுபது நிமிடம் நன்றாக ஆடிய தடுப்பணியின் உழைப்பு, பக்கம் தவறிய ஒரே உதையில் போயிற்று.

மற்றவையும் இதே ரகம். இலினாயில் தன் கோல் கோட்டருகே பன்ட்டைப் பிடித்த வீரர் பந்தைத் தூக்கி எறியப்போய் சேஃப்டி ஆனது, எதிரணிக்கு 2 புள்ளி. இரண்டு எளிய கூடுதல் புள்ளி உதைகள் தவறின. ஓக்லஹோமாவில் இரண்டு ஃபீல்டு கோல் தவறின. தடுக்கப்பட்ட கூடுதல் புள்ளி உதையை எதிரணி மறுமுனைவரை கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுத்தது. அயோவாவுக்கு எதிராக 21–6 முன்னிலை. நான்காம் கால்பகுதியில் பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுன் ஆனது. உதைத்தவரின் திறமைக் குறைவு என்று இதைத் தள்ளவும் முடியாது: கானர் கல்ப் முந்தைய ஆண்டுதான் பிக் டென்னின் சிறந்த உதைப்பாளர் விருது வாங்கியவர்.

கோளாறு ஆள் ஒதுக்கீட்டில் இருந்தது. விதிப்படி தலைமைப் பயிற்சியாளருக்கு அப்போது களத்தில் பயிற்சி தரக்கூடிய பத்து உதவியாளர்கள். பத்து இடத்தில் ஒன்றை முழுமையாக உதை ஆட்டத்துக்குக் கொடுப்பதா என்பது ஒவ்வொரு பயிற்சியாளரும் எடுக்கும் முடிவு. 2020-ல் நெப்ராஸ்காவில் அந்தப் பொறுப்பு ஒரு பகுப்பாய்வாளரிடம் இருந்தது. பகுப்பாய்வாளர் களத்தில் வீரரிடம் நேரடியாகப் பயிற்சி தரக் கூடாது என்பது அன்றைய விதி. 2021-ல் வெளி லைன்பேக்கர்கள் என்ற தடுப்பு வீரர்களைக் கவனித்த உதவியாளரிடமே கூடுதல் வேலையாகப் போனது. 2022-ல்தான் அதற்கென்றே பில் புஷ் வந்தார். நான்கு ஆண்டு தாமதம். தாக்குதலில் புதுமை செய்பவர் என்று பெயரெடுத்த பயிற்சியாளர், பத்து உதவியாளர்களையும் தாக்குதல், தடுப்பு என்ற இரண்டு கூடைகளில் போட்டுவிட்டார். ஒரு ஸ்கோர் ஆட்டத்தைத் தீர்க்கும் மூன்றாவது கூடை காலியாக இருந்தது.

2021 நவம்பரில் ஃப்ராஸ்ட் நீக்கியது யாரை என்று பார்த்தால் இது இன்னும் உறைக்கும்: தாக்குதல் பக்கத்து உதவியாளர்கள் நால்வர். ஃப்ராஸ்டின் சம்பளம் 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைந்தது. முதலில் சொன்ன அக்டோபர் 1 விதி அப்போதுதான் எழுதப்பட்டது. ரசிகர்கள் கேட்டது தாக்குதலில் மாற்றம், கிடைத்ததும் அதுவே.

2022-ன் முதல் ஆட்டம் டப்ளினில், நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக. மூன்றாம் கால்பகுதியில் டச்டவுன் அடித்து 28–17 முன்னிலை. அடுத்த உதை ஆன்சைடு கிக்: பந்தைக் குறைந்தது பத்து யார்டு மட்டும் போகும்படி உதைத்துத் தாங்களே மீட்க முயல்வது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் எடுக்கும் ஆயுதம் அது. முன்னிலையில் இருக்கும் அணி அதை எடுத்தால் என்ன கணக்கு என்றால், பந்து கிடைத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் எதிரணிக்கு ஏறக்குறைய நடு மைதானத்திலிருந்து தொடக்கம். கிடைக்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் அங்கிருந்தே போய் டச்டவுன் அடித்தது, 31–28 என வென்றது. நெருக்கமாகப் போனால் தோற்றுவிடுவோம் என்ற பயம் ஒரு பயிற்சியாளரை ஆட்டத்தின் நடுவிலேயே சூதாட வைத்தது என்றுதான் நாங்கள் அதை வாசிக்கிறோம். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன்.

இரண்டாவது இரவல்: ‘மூன்றாம் ஆண்டு’

மேட் ரூல் 2022 நவம்பர் 26 அன்று நியமிக்கப்பட்டார்: எட்டு ஆண்டு, 7.4 கோடி டாலர். அவர் கூடவே ஒரு நாள்காட்டியும் வந்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவர் முதல் மூன்று ஆண்டில் எடுத்த வெற்றிகள் 2, 6, 10. பேலரில் 1, 7, 11. இரண்டு இடத்திலும் மூன்றாம் ஆண்டில் இரட்டை இலக்கம். ‘ரூலின் மூன்றாம் ஆண்டு’ என்பது நெப்ராஸ்காவில் ஒரு வாக்குறுதி போலவே ஆகிவிட்டது. யாரும் வாக்குத் தராமலே.

நெப்ராஸ்காவில் அவர் எடுத்தது 5, 7, 7.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை அந்தப் பழைய இரண்டு இடங்களின் காலத்தில் இருக்கிறது. டெம்பிள் 2013–2015, பேலர் 2017–2019. அப்போது மாறுகிறவன் பொதுவாக ஓராண்டு உட்கார வேண்டும். அதனால் முதல் ஆண்டில் எடுத்த பையன் மூன்றாம் ஆண்டிலும் அங்கேயே இருப்பான். தோற்ற முதல் ஆண்டு முழுக்க அடிபட்டுக் கற்றவன் மூன்றாம் ஆண்டில் பலன் தருவான். ரூலின் முறையே அந்தக் காத்திருப்பின்மேல் கட்டியது. 2021-ல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை மாறினாலும் உட்கார வேண்டாம் என்றார்கள். ஆண்டுக்கு 25 பேர் என்ற வரம்பும் போனது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே, முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை, எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் நேரடியாகப் பகிரலாம், கால்பந்து அணியில் 105 பேர் வரை வைத்திருக்கலாம். இந்த உலகில் மூன்றாம் ஆண்டுப் பலன் தானாக வராது. முதிர்ந்தவனை ஒவ்வொரு டிசம்பரிலும் மறுபடி வென்றெடுக்க வேண்டும். 2024-ல் பெரும் நம்பிக்கையோடு வந்த குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா 2025 நவம்பர் முதல் நாள் யுஎஸ்சி ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து வெளியேறினார். பருவம் முடிந்ததும் வேறு அணிக்கு மாறினார். மூன்றாம் ஆண்டு என்ற ஒன்று அவருக்கு லிங்கனில் இல்லை.

ஆனால் 5–7–7 என்ற வரிசையில் தேக்கத்தை மட்டும் பார்ப்பது அதே பழைய பிழை. உள்ளே இறங்கிப் பார்த்தால் நோய் மாறியிருக்கிறது.

2023-ல் நெப்ராஸ்கா 31 முறை பந்தைப் பறிகொடுத்தது. 5–3 என்று இருந்த அணி கடைசி நான்கையும் தோற்றது: 20–17, 13–10, 24–17, 13–10. முதல் ஆட்டத்தில் மினசோட்டாவிடம் தோற்றதும் 13–10தான். ஃப்ராஸ்ட் காலத்து நோயேதான், இடம் மட்டும் உதை ஆட்டத்திலிருந்து பந்துக் காப்புக்கு மாறியிருந்தது. 2024-ல் விஸ்கான்சினை 44–25 என வென்று 2016-க்குப் பிறகு முதல் பவுல் தகுதி; பின்ஸ்ட்ரைப் பவுலில் பாஸ்டன் காலேஜை 20–15 என வென்றார்கள். அதே ஆண்டு அயோவாவிடம் மறுபடியும் 13–10, கடைசி நொடி ஃபீல்டு கோல்.

2025-ல் ஒரு ஸ்கோர் ஆட்டங்கள் ஆறு. சின்சினாட்டி 20–17, மேரிலேண்ட் 34–31, நார்த்வெஸ்டர்ன் 28–21, யூசிஎல்ஏ 28–21 வெற்றிகள். மிச்சிகன் 30–27, யுஎஸ்சி 21–17 தோல்விகள். ஆறில் நான்கு. ஐந்து பருவத்தில் 27-ல் ஐந்து வென்ற அணிக்கு இது சிறு செய்தியா? ஆனால் மீதித் தோல்விகளைப் பாருங்கள்: மினசோட்டா 24–6, பென் ஸ்டேட் 37–10, அயோவா 40–16, லாஸ் வேகஸ் பவுலில் யூட்டா 44–22. முன்பு நூலிழையில் தோற்ற அணி, இப்போது முட்டி மோதும் அணிகளிடம் மொத்தமாக விழுகிறது. மினசோட்டா ஆட்டத்தில் மட்டும் ரயோலா ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார். ஒன்பது முறை என்றால் பந்தை எறிய அவருக்கு நேரமே தரப்படவில்லை. இது முன்வரிசை நோய். பருவ முடிவில் தாக்குதல் முன்வரிசைப் பயிற்சியாளரும் தடுப்பு ஒருங்கிணைப்பாளரும் மாற்றப்பட்டார்கள். இம்முறையாவது அறுவைச் சிகிச்சை, நோய் இருந்த இடத்தில் நடந்திருக்கிறது.

இண்டியானா எழுப்பிய கேள்வி

நெப்ராஸ்கா ரசிகரின் பொறுமையைக் கெடுத்தது இன்னொன்று. 2023-ல் 3–9 ஆக இருந்த இண்டியானா, கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டிலேயே 11–2. 2024 அக்டோபர் 19 அன்று நெப்ராஸ்காவை 56–7 என நொறுக்கியது. அடுத்த ஆண்டு பிக் டென் பட்டம், தேசியப் பட்டம், 16–0. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் ஏறக்குறைய எல்லாரையும்விட அதிகம் தோற்ற அணி அது. ‘அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியவில்லை’ என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

சிக்னெட்டி தன் முந்தைய அணியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களைக் கூடவே கொண்டுவந்தார். குவார்ட்டர்பேக்காக எடுத்தது ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு ஆடி முதிர்ந்த கர்டிஸ் ரூர்க்கை. உயரம், வேகம், பள்ளிக்கால நட்சத்திரங்கள் ஆகியவற்றைவிட, கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதையே பார்த்தார். 22, 23 வயது ஆட்கள். முறையும் அவர்களுக்கு முன்பே தெரியும். புதிய விதிகளுக்கென்றே வெட்டிய திட்டம். ரூலின் திட்டம் பையனை எடுத்து ஆளாக்குவது. இரண்டையும் ஒரே நாள்காட்டியில் வைத்தால் மூன்றாவது முறையும் இரவல்தான் வாங்குகிறோம். ரூல் தன் முறையைப் புதிய விதிகளுக்கு எவ்வளவு வளைக்கிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எதை எண்ணிப் பார்ப்பது

இந்த வழக்கிலிருந்து, மறுகட்டமைப்பில் இருக்கும் எந்த அணிக்கும் பொருந்தும்படி சிலவற்றை எடுக்கலாம்; முக்கியத்துவ வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் தாக்குதல் முன்வரிசையின் ஐவர். கல்லூரி ஆட்டத்தில் மூன்றாம் ஆண்டோ அதற்கு மேலோ இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பின்னால் ஆட்டத்தில் இறக்கக்கூடிய இன்னும் மூவர் இருக்கிறார்களா? ஐவரில் மூவர் புதியவர்கள் என்றால், எவ்வளவு நல்ல குவார்ட்டர்பேக் இருந்தாலும் நவம்பரில் அணி அடிவாங்கும். ரசிகர்கள் குவார்ட்டர்பேக் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதுவே பெரும்பாலான ஏமாற்றங்களின் தொடக்கம்.

அடுத்தது பந்துப் பறிப்பும் பறிகொடுப்பும். முதல் ஆண்டில் இது மோசமாக இருப்பது இயல்பு, குவார்ட்டர்பேக் புதியவராக இருந்தால் இன்னும் இயல்பு. இரண்டாம் ஆண்டில் சமநிலைக்கு வராவிட்டால் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது உதை ஆட்டம், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது. நியமன அறிவிப்பிலேயே பார்க்கலாம். இன்னொருவரின் இரண்டாவது வேலையாக அது இருந்தால், முதல் ஆண்டிலேயே கேள்வி கேட்பதில் தவறில்லை. இதற்கு முதிர்ந்த வீரர்களோ நான்கு ஆண்டுச் சேர்க்கையோ தேவையில்லை, பயிற்சி நேரம் மட்டுமே தேவை. ஃப்ராஸ்டிடம் ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய, கேட்காமல் விட்ட கேள்வி.

ஒரு ஸ்கோர் ஆட்டங்களை ஒரு பருவத்தில் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆறேழு ஆட்டம் எந்தப் பக்கமும் சாயும். இரண்டு பருவம் சேர்த்துப் பத்துப் பதினைந்து ஆட்டத்தில் மூன்றே வெற்றி என்றால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒப்பந்தத்தை நீட்டும் செய்தி வரும்போதும் இதையே கேட்க வேண்டும். ரூலின் ஒப்பந்தம் 2025 அக்டோபரில் 2032 வரை நீட்டப்பட்டது. மினசோட்டா ஆட்டத்தின் ஒன்பது வீழ்த்தல்கள் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கடைசியாக, டிசம்பரும் ஜனவரியும். எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்ற செய்திதான் பெரிதாக வரும். அதைவிட, சென்ற பருவத்தில் ஆடியவர்களில் எத்தனை பேர் விலகாமல் நின்றார்கள் என்று எண்ணுங்கள். ஃப்ராஸ்ட் காலத்தில் வான்டேல் ராபின்சன் என்ற வீரர் 2021 ஜனவரியில் கென்டக்கிக்குப் போனார். அடுத்த ஆண்டே தொழில்முறை அணி அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அவர் இல்லாத அந்த 2021-ல் நெப்ராஸ்கா தோற்ற ஒன்பது ஆட்டங்களில் எட்டு ஒரு ஸ்கோருக்குள் முடிந்தவை.